வீடு மண்மேடாகக் கருதப்படும்

வந்திருந்தவர்கள்:

தனியார் துப்பாக்கிச் சுடுதள அனுமதிக் குழுவின் தலைவர்.
சத்த அளவு அலுவலர், மீட்டருடன்.
வரைபட அலுவலர், தன் சொந்த முக்காலியுடன்.
குறிப்பெழுத்தர்.
பாதுகாப்பு அலுவலர் (விடுப்பில், கையெழுத்து மட்டும் வந்திருந்தது).
விண்ணப்பதாரர், தொழில் செங்கல் சூளை.
விண்ணப்பதாரரின் மனைவி (குடிதண்ணீர் வழங்க).
நாய், ஒன்று (அழைப்பின்றி).

குறிப்பெழுத்தர் எழுதி முடித்து இதை உரக்க வாசித்தார். சூளைக்காரர் கையைப் பிசைந்தபடி, "ஐயா, என் பொண்ணு விட்டுப்போச்சு. சுடப்போறதே அவதான்" என்றார்.

"அவங்க எந்த முறையில வந்திருக்காங்க?"

"என் மக முறையில."

குறிப்பெழுத்தர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லையே." நாய்க்குக் கட்டம் இருந்தது. 'வளாகத்தில் காணப்பட்ட விலங்குகள்.'

மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நிற்பதுதான் அவள் தொழில். ரைபிளைத் தோளில் பொருத்தி, குழல்மேல் ஒரு நாணயத்தை வைத்து, ஒரு மணி நேரம் அது விழாமல் நிற்பாள். ஐம்பது மீட்டர் தூரத்தில் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தை அடிக்க இந்த நிற்றல்தான் வேண்டும், சுடுவதெல்லாம் பிறகு. நகரத்துச் சங்கத்தில் அவளை எல்லோரும் 'கல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சங்கத்தின் சுடுதளத்தை இடித்துவிட்டுக் கார் கழுவும் நிலையம் வைத்துவிட்டார்கள். அவளுக்கு வயது இருபது. இளையோர் தேர்வுப் போட்டிக்கு இதுதான் கடைசி வருடம். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஃபாரத்தின் அடியில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள், அதற்குள் 'அனுமதி பெற்ற சுடுதளத்தின் முத்திரை' விழ வேண்டும். முத்திரை இல்லாத ஃபாரத்தைச் சங்கம் கையால்கூடத் தொடாது.

சொந்த நிலத்திலேயே சுடுதளம் வைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் சூளைக்காரர்தான். இருபது வருடம் செங்கல்லுக்கு மண் வெட்டியதில் அவர் நிலத்தில் எழுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றரை ஆள் ஆழம். தெற்குக் கோடியில் உடைசலும் மண்ணும் கொட்டிக் கொட்டி இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு. வடக்குக் கோடியில், பள்ளத்தின் வாய்க்கு நேராக, வீடு. வீட்டுப் பக்கம் நின்று தெற்கே சுட்டால் குண்டு மேட்டுக்குள் ஒரு சாண் போய்ப் படுத்துக்கொள்ளும். "நம்ம நிலம், நம்ம பள்ளம், நம்ம மண்ணு. எவன்கிட்ட என்ன கேக்கணும்?" என்றார் மனைவியிடம்.

"கேக்காம செஞ்சா தப்பு. கேட்டுச் செஞ்சா பைத்தியம். எது வேணும்னு பாத்துக்குங்க" என்றாள் அவள்.

அவர் கேட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள்.

முதல் சோதனை நான்காவது விதி. விண்ணப்பதாரரின் குடும்பம் அதே நிலத்திலுள்ள வீட்டில் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வணிகச் சுடுதளம், அதற்கு வேறு அலுவலகம், வேறு மாடி. குடியிருப்பை மெய்ப்பிக்க மின்கட்டண ரசீதைக் காட்டினார். ரசீது குடியிருக்காது என்றார்கள். ஒரு விடியற்காலை ஆறு மணிக்கு ஓர் அலுவலர் கதவைத் தட்டி, நேரே குளியலறைக்குப் போய், பல் துலக்கும் பிரஷ்களை விரலால் தொட்டுப் பார்த்தார். 'பிரஷ் மூன்று. மூன்றும் ஈரம். குடியிருப்பு உண்மை' என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்தது எல்லைப் பலகை. நிலத்தின் நாலு பக்கமும் 'இதற்கு மேல் குண்டு செல்லக் கூடாது' என்று எழுதி வைக்க வேண்டும்.

"வழியில போறவங்க பாக்கறதுக்கா ஐயா?" என்று கேட்டார் சூளைக்காரர்.

"வழியில போறவங்களா சுடறாங்க? உள்பக்கம் பாத்து வைங்க. குண்டு உள்ளயிருந்துதானே வரும்?"

உள்பக்கம் பார்த்து வைத்தார். எழுத்து சிறியதாக இருக்கிறது, வேகமாகப் போகும் ஒன்றால் படிக்க முடியாது என்று திருப்பியனுப்பினார்கள். பெரிதாக எழுதி வைத்தார். அப்படியாக ஏழு மாதம் போனது. இன்று குழு நேரில் வந்திருக்கிறது, அந்த மட்டில் நல்லதுதான் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

தலைவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார். எதிரே கூட்டம் இல்லை. அதற்காக உரை குறையவில்லை.

"மக்களோட உயிர்தான் எங்க குழுவுக்கு உயிர். குழு ஆரம்பிச்சுப் பதினாறு வருஷம் ஆச்சு. எங்க அனுமதி வாங்கின சுடுதளத்துல இன்னைக்கு வரைக்கும் ஒரு விபத்து, ஒரு கீறல் கிடையாது. நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்."

"எத்தனை சுடுதளத்துக்கு சார் அனுமதி குடுத்திருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணுக்கும் குடுக்கல. அதைத்தானேம்மா சொல்லிட்டிருக்கேன்?"

பிறகு சத்தப் பரிசோதனை. வீட்டு வாசலில் சத்தம் எழுபது டெசிபலைத் தாண்டக் கூடாது. மகள் உள்ளே போய் ரைபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சத்தக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"உள்ள வைம்மா அதை! அனுமதி இல்லாத இடத்துல சுடறது குற்றம் தெரியுமில்ல?"

"சுடாம எப்படி சார் சத்தத்தை அளப்பீங்க?"

"அதுக்கெல்லாம் முறை இருக்கு."

முறை இருந்தது. 'மாதிரி வெடிச்சத்தம், குழுவில் பதவியில் மூத்தவரால், வாயால்.' தலைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பள்ளத்துக்குள் இறங்கிக் கால்களை அகட்டி நின்றார். வீட்டு வாசலில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு சத்தக்காரர் கையைத் தூக்க, தலைவர் அடிவயிற்றிலிருந்து, "டுமீல்!" என்றார்.

நாய் ஓடிப்போனது. மீட்டர் எழுபத்தொன்று காட்டியது.

"தாண்டிடுச்சு. விண்ணப்பம் தள்ளுபடி" என்றார் சத்தக்காரர், வருத்தமே இல்லாமல்.

சூளைக்காரர் குறுக்கே வந்தார். "ஐயா, அது உங்க தலைவரோட தொண்டைங்க. எங்க பொண்ணு துப்பாக்கி அவ்வளவு கத்தாதுங்க."

"துப்பாக்கியைப் பத்தி இங்க யாரும் பேசல. பதிவான சத்தத்தைப் பத்திப் பேசறோம்."

மனைவி தண்ணீர்ச் செம்போடு முன்னால் வந்தாள். "ஐயா தொண்டையை நனைச்சுக்கிட்டு இன்னொரு தடவை சுடட்டும். கொஞ்சம் மெதுவா."

"மெதுவால்லாம் எனக்கு வராதும்மா" என்றார் தலைவர். அவருக்கு உள்ளூரப் பெருமை. கடைசியில் தொண்டை கட்டியிருந்த வரைபட அலுவலரைப் பள்ளத்தில் இறக்கினார்கள். அவர் "டும்" என்றது வாசல்வரை வரவேயில்லை. மீட்டர் காற்றின் இரைச்சலைத்தான் காட்டியது: நாற்பத்தெட்டு. தேறியது. "இது குண்டே இல்ல, இருமல்" என்று தலைவர் முணுமுணுத்தார்.

வரைபட அலுவலர் மேலே வந்து, வீட்டு வாசல் நிழலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே தெரிந்த பள்ளத்தையும் அதன் கடைசியில் தெரிந்த மேட்டையும் அழகாக வரைந்தார். கை நடுங்காத மனிதர். வரைந்து முடித்ததும் தாளின் மேல்பக்கம், முப்பது வருடப் பழக்கத்தில், 'வடக்கு' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டார்.

அவர் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்து வாரம் கழித்து வரைபடம் ஒப்புதல் முத்திரையோடு வந்தபோது, அதை முதலில் விரித்துப் பார்த்தவள் மகள்தான். சுடுபவர் வடக்கு நோக்கிச் சுட வேண்டும், வடக்கே மண்மேடு என்று போட்டிருந்தது. அவள் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதுபடி பாத்தா நான் மேட்டுமேல நின்னு நம்ம வீட்டைச் சுடணும்."

ஃபாரம் கொடுக்கக் கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. சூளைக்காரர் அன்றைக்கே ஓடினார். தலைவர் அறையில் மின்விசிறிக்குக் கீழே எல்லாத் தாளின்மேலும் ஒரு செங்கல் வைத்திருந்தது. தன் சூளைக் கல்தான் அது என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. மாதிரிக்கென்று கேட்டு வாங்கியது.

"வரைபடத்துல தப்பு நடந்திருக்குங்க ஐயா."

"வரைபடம் ஒப்புதல் ஆயிடுச்சே."

"வீடு வடக்கதாங்க இருக்கு."

"இருக்கலாம். வரைபடம் ஒப்புதல் ஆயிடுச்சு. உங்க நிலம் இன்னும் ஒப்புதல் ஆகல. இப்ப எதை எதுக்குத் தகுந்தபடி மாத்தணும்? நீங்களே சொல்லுங்க."

வரைபட அலுவலரை அழைத்தார்கள். அவர் வந்து பார்த்தார். கோடுகள் எல்லாம் நேராக இருக்கின்றன என்றார். மாற்ற வேண்டுமானால் புது விண்ணப்பம், முதலிலிருந்து. பிரஷ் பார்ப்பது உட்பட எட்டு மாதம்.

சூளைக்காரர் நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துத் தலைவருக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுதான் கேடு. அதிகாரி கண்டிப்பாக இருந்தால் ஆள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இரங்கிவிட்டால் வழி கண்டுபிடித்துவிடுவார்.

"வரைபடத்துல அந்த இடத்துல மேடு இருக்கு. நிலத்துல வீடு இருக்கு. உங்க வீட்டுச் செவுரு எத்தனை அங்குலம்?"

"ஒன்பதுங்க."

"சொந்தக் கல்லா?"

"என் சூளைக் கல்லுதாங்க."

"நல்லா வெந்த கல்லா?"

தொழில்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. "நம்ம கல்லு இரும்புங்க ஐயா" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

"எழுதுங்க" என்றார் தலைவர் குறிப்பெழுத்தரைப் பார்த்து. "'வீடு மண்மேடாகக் கருதப்படும்.' மேட்டுக்குள்ள ஆள் குடியிருக்கறதில்ல. அதனால வீட்டைக் காலி பண்ணிப் பூட்டிச் சாவியை ஒப்படைச்சிடுங்க. அன்னைக்கே அனுமதி. அந்த இடத்துலயே பொண்ணு ஃபாரத்துல முத்திரை. போதுமா?"

வெளியே வந்தபோதுதான், தன் வீட்டைச் சுடுவதற்குத் தானே நன்றி சொல்லிவிட்டு வந்தது அவருக்கு உறைத்தது.

வீட்டில் அன்றே விஷயம் மனைவி காதுக்கு எட்டியது. மறுநாள் பேசினாள். "கல்லு இரும்புன்னு சொன்னீங்களாமே. நாக்கும் ஒன்பது அங்குலமோ?"

"முத்திரை விழுந்தா போதும். சுடவா போறா? ஃபாரம் போய்ச் சேர்ந்ததும் எல்லாத்தையும் பழையபடி உள்ள வச்சிக்குவோம்."

"வேணாம்பா" என்றாள் மகள். "விட்டுடலாம்."

"எட்டு மாசம் நாய் மாதிரி அலைஞ்சது விடறதுக்கா?" அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

கடைசி நாள் காலையில் சாமான்களைச் சூளைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். கட்டில், பீரோ, அடுப்பு, பாத்திரம், தையல் மெஷின். மூன்று பல் துலக்கும் பிரஷ் போட்ட வாளி மட்டும் வாசலோரம் தங்கிவிட்டது. ரைபிள் பெட்டியைச் சங்கத்துச் செயலாளர் வீட்டில் முந்தின நாளே கொடுத்தாயிற்று. நான்கு மணிக்குச் சாலையில் ஒரு பேருந்து வரும்; அதைப் பிடித்தால் ஐந்துக்குள் சங்கத்தில் ஃபாரத்தைக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு பேருந்தும் இல்லை, வயதும் இல்லை.

குழு ஒன்றரை மணிக்கு வந்தது. மேசை ஒன்றை வாசலுக்கு எதிரே போட்டார்கள். வரைபட அலுவலர் முக்காலியை விரித்தார். இந்த முறை எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். சத்தக்காரர் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் மீட்டரை இயக்கி மேசைமேல் வைத்தார். முத்திரையும் மைப்பெட்டியும் அதன் பக்கத்தில் இருந்தன. சூளைக்காரர் கண்ணை அவற்றிலிருந்து எடுக்கவில்லை.

வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மகள் கடைசியாக வாசலுக்கு வந்தாள், கையில் ஃபாரத்தோடு. ஒரு காலை நிலைப்படி தாண்டி வெளியே வைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் குறிப்பெழுத்தர். "ஐயா, கட்டம் நாலு பாக்கி. 'குடும்பம் இந்நிலத்திலுள்ள வீட்டில் குடியிருக்கிறதா?'"

தலைவர் வெறும் அறைகளை எட்டிப் பார்த்தார். "காலி பண்ணியாச்சே. இல்லைன்னு போடுங்க."

"இல்லைன்னு போட்டா நாலாவது விதிப்படி அனுமதி செல்லாதுங்க."

"அப்ப ஆமான்னு போடுங்க."

"ஆமான்னு போட்டா மேட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு ஆகுது. அனுமதியே குடுக்க முடியாதுங்க."

தலைவர் படிவத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் நல்ல தச்சு வேலையைப் பார்த்தவரின் மகிழ்ச்சி பரவியது. "பாத்தீங்களா சூளைக்காரரே, எவ்வளவு கெட்டியா எழுதியிருக்காங்க! ஒரு ஊசி நுழைய இடம் இல்ல. பதினாறு வருஷத்துல ஏன் ஒரு விபத்து கூட நடக்கலன்னு இப்பப் புரியுதா?"

"சார்" என்றாள் மகள். "நான் இப்ப உள்ள நிக்கணுமா, வெளிய நிக்கணுமா?"

எல்லோரும் அவள் கால்களைப் பார்த்தார்கள். இடது கால் வீட்டுக்குள். வலது கால் வெளியே.

"அசையாதம்மா!" என்றார் குறிப்பெழுத்தர் பதறி. "ஐயா, இந்த நிலைமைக்கு விதி இல்ல. உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. அனுமதி குடுக்கறதுன்னா இந்த நிலைமையிலதான் குடுக்க முடியும். மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"கேட்டுச் சொல்ற வரைக்கும் நிலைமை மாறக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றாள்.

மேலிடம் சாப்பிடப் போயிருந்தது. பிறகு கைகழுவப் போயிருந்தது. மகள் நின்றாள். வெயில் வாசலில் ஏறி அவள் வலது பாதத்தைத் தொட்டது, முழங்காலுக்கு வந்தது. அவள் மூச்சு எண்ணி எண்ணி வந்தது, போட்டியில் வருவதைப் போல. ஃபாரம் பிடித்த கை ஒரு மயிரிழை ஆடவில்லை. சங்கத்தில் இப்படி நின்றால் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இங்கே தலைவர் பழைய கோப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வரைபட அலுவலர் தூங்கிவிட்டார். ஈ ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்து, நடந்து, உதட்டோரம் போய் நின்றது. மனைவி எழுந்து முந்தானையால் அதை ஓட்டப் போனாள்.

"தொடாதீங்கம்மா! நிலைமை மாறிடும்" என்றார் குறிப்பெழுத்தர்.

மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். சூளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் இந்த நிற்றலைப் பழக ஆறு வருடம் ஆனது. அதில் ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியும்.

மூன்றே முக்காலுக்கு மேசைமேல் இருந்த கைபேசி ஒலித்தது. தலைவர் எழுந்து நின்று கேட்டார், "ஆமாங்க, ஆமாங்க" என்றார், வைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல சேதி. இந்த நிலைமையை ஆராய ஒரு தனிக் குழு அமைச்சிட்டாங்க. தலைவர் நான்தான்."

"முத்திரை?" என்றார் சூளைக்காரர்.

"அதைத் தனிக் குழு முடிவு பண்ணும். முதல் கூட்டத்தை இப்பவே நடத்திடலாம். எல்லாரும் இருக்கோமே!"

குறிப்பெழுத்தர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே கோடு போட்டு, சொல்லிக்கொண்டே எழுதினார். "வந்திருந்தவர்கள். தலைவர். சத்த அளவு அலுவலர். வரைபட அலுவலர், தூக்கத்தில். குறிப்பெழுத்தர்." பேனாவை நிறுத்தி நிமிர்ந்து மகளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கும் இந்தத் தடவை கட்டம் இருக்கும்மா. 'நிலை தெளிவற்ற நபர், ஒருவர்.'"

தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது. திருப்பத்தில் வேகம் குறைத்து, யாரும் கை காட்டாததால் நிற்காமல், கடந்து போனது. மகளின் கண்கள் மட்டும் அந்தப் பக்கம் போய்த் திரும்பின. உடம்பு அசையவில்லை. அப்போதுதான் அவள் முழங்கால் நடுங்குவதைச் சூளைக்காரர் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் பார்க்காதது.

"போதும்" என்றார்.

"என்ன போதும்?" என்றார் தலைவர்.

அவர் தலைவரிடம் பேசவில்லை. "உள்ள போம்மா."

"அப்பா, ஃபாரம்..."

"காலை எடுத்து உள்ள வை."

மகள் வலது காலைத் தூக்கினாள். மரத்துப்போயிருந்த கால். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்துக்கொண்டாள். மனைவி பின்னால் போனாள். போகிற போக்கில் வாளியிலிருந்து மூன்று பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டாள்.

"சூளைக்காரரே, நிலைமை மாறுது! பதிவாயிடும்!" என்று குறிப்பெழுத்தர் கத்தினார்.

சூளைக்காரர் நிலைப்படி தாண்டி உள்ளே போய், திரும்பிப் பார்க்காமல், கதவை அறைந்து சாத்தினார். சுவரில் ஒட்டியிருந்த சாந்து கொஞ்சம் உதிர்ந்தது.

வெளியிலிருந்து சத்தக்காரரின் குரல் வந்தது. "எழுபத்தாறு."

"எழுபதுதானே அளவு?" இது தலைவர்.

"தாண்டிடுச்சுங்க."

"எழுதிக்குங்க."

உள்ளே உட்கார ஒன்றும் இல்லை. மகள் தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஃபாரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். சூளைக்காரர் மேல் தாழ்ப்பாளைப் போட்டார், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார், குழுவிடம் ஒப்படைப்பதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த சாவியை எடுத்து உள்பக்கமாகப் பூட்டினார்.